நடுவில் ஒரு கோடு

"அக்கா, ஆளுங்க வர்றாங்க. எடுங்க ஒப்பாரிய," என்று கலிபா சைராகுலை முழங்கையால் இடித்தாள்.

முற்றத்தில் போட்டிருந்த கம்பளிக் கூடாரத்துக்குள் பெண்கள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாணல் தட்டிக்கு அந்தப் பக்கம் சைராகுலின் கணவர் ஜுமாதிலின் உடல் கிடத்தப்பட்டிருந்தது. "ஐயோ, என் உடன்பிறப்பே!" என்று கதறியபடி ஆண்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. புருஷனின் பெருமையைச் சொல்லிப் பாட வேண்டியவள் மனைவி. சைராகுல் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கொழுந்தன் மனைவி கலிபாவே குரலெடுத்துச் சமாளித்தாள்.

நாரின் பகுதியின் மலையடிவாரத்தில் வாய்க்கால் அதிகாரியாக இருந்தவர் ஜுமாதில். தண்ணீருக்காக இரண்டு பேர் மண்வெட்டி ஓங்கி நின்றால், நடுவில் போய்க் குந்தி, குச்சியால் ஈர மண்ணில் கோடு இழுப்பார். "இது மலை. இது மதகு. நீ இங்க, அவன் இங்க. இப்பச் சொல்லு, தண்ணி எங்க போகும்?" சண்டைக்காரர்கள் இருவரும் குனிந்து கோட்டோடு சண்டை போட ஆரம்பிப்பார்கள். புது வாய்க்கால் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "போட்டுப் பாத்தாத்தான் எனக்கே புரியும்" என்பார். சைராகுலைப் பெண் கேட்டதுகூட அப்படித்தான். பனி படிந்த ஜீப் கண்ணாடியில் ஒரு வீடு, புகைபோக்கி, வாசலில் இரண்டு பேர். "ஏன், வாய் வாடகைக்குப் போயிருக்கா?" என்று சிரித்தாள் அன்றைய சைராகுல்.

இந்த வசந்தத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. இடது கையால் வரையத் தொடங்கினார்: தண்ணீர்க் குவளை, போர்வை, திறந்த கதவு. பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் அதைப் பார்த்துக் கூடாதென்று தலையாட்டினாள். "பென்சிலக் கையில குடுக்காதீங்கம்மா. அது பழகிட்டா வாய் திறக்கவே திறக்காது."

சைராகுலுக்கு அது வேதவாக்கு. பென்சில்களைப் பொறுக்கி அலமாரி உச்சியில் போட்டாள். அவர் குவளையைக் காட்டினால், "தண்ணின்னு சொல்லுங்க, தர்றேன்" என்று கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் உதடு கோணும். நெற்றி வேர்க்கும். "ஆ... ஆ..." கடைசியில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் நல்லதுக்குத்தானே என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவாள்.

நேற்றுக் காலை அவர் விரலைத் தேநீரில் நனைத்து பிளாஸ்டிக் மேசை விரிப்பின் மேல் கோடிழுத்தார். இரண்டு நீளக் கட்டம். நடுவில் ஒரு கோடு. ஒரு கட்டத்திலிருந்து கோட்டைத் தாண்டி இன்னொன்றுக்கு வளைந்து போகும் ஒரு இழுப்பு.

"இன்னுமா வயலும் வாய்க்காலும்? ஆபீஸ் உங்கள விட்டாலும் நீங்க அத விடமாட்டீங்களா?"

துணியால் துடைத்துவிட்டாள். அவர் ஈரமான விரிப்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மத்தியானம் சூப் கொண்டுபோனபோது மூச்சு இல்லை.

இப்போது அவள் விரல் மடிக்கு முன்னால் கிடந்த கம்பளத்தின் ரோமத்தை நீவி நீவிக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. கலிபா பாட்டை நிறுத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"அவரு கடைசியாப் போட்டது. ரெண்டு வயல். நடுவுல வாய்க்கால்."

கலிபா தலையைச் சாய்த்தாள். "வயலா? தலகாணி போட்டிருக்கே."

சைராகுல் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்தின் முனையிலும் ஒரு சின்னச் சதுரம். கண் கவனிக்காததை விரல் ஞாபகம் வைத்திருந்தது.

"இது அவரு கட்டில். இது உங்களது. நடுவுல சுவரு. அவரு படுத்ததுலேர்ந்து நீங்க அடுத்த ரூம்லதானே தூங்குறீங்க? இந்தப் பக்கம் வரச் சொல்லி..." கலிபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே இன்னொரு கூட்டம் கதறிக்கொண்டு வந்தது. கலிபா அவசரமாகப் பாட்டைப் பிடித்தாள். சைராகுல் விரலை எடுக்கவில்லை.

உச்சிவேளைக்குப் பிறகு ஆண்கள் உடலைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டு மேட்டுக்குப் போனார்கள். பெண்கள் போவதில்லை. திரும்பி வந்தவர்களின் கைகளுக்கு சைராகுல்தான் கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். வேண்டாம் என்று மற்றவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. கடைசியாகக் கொழுந்தன் எசென் வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நல்ல எடம், அண்ணி. அப்பா பக்கத்துலதான். இல்ல, பக்கத்துலன்னா... வேலிய ஒட்டி, அந்தச் சரிவு இருக்குல்ல..."

அவனுக்குச் சொல்ல வரவில்லை. சட்டென்று குந்தி, ஈர விரலால் மண்ணில் இழுத்தான். "இது பாதை. இது வேலி. இது அப்பா. இது அண்ணன்."

அண்ணனுக்கு இந்தப் பக்கம், வேலி வரைக்கும், இன்னொரு ஆள் படுக்கும் அளவுக்கு, ஒன்றும் போடாமல் விட்டிருந்தான்.

"இங்க?" என்றாள் சைராகுல்.

எசென் அவளை நிமிர்ந்து பார்த்தான். எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

அவள் கெண்டியைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள். தண்ணீர் அந்தக் கோடுகள் பக்கம் ஓடாத இடமாகப் பார்த்து நின்று, "இங்க வாப்பா" என்றாள்.