மேசையில் வைத்த பிள்ளை

1963ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, குருநகரைச் சேர்ந்த யசிந்தா பிலிப்பு என்ற இருபத்துமூன்று வயதுப் பெண் யாழ்ப்பாணப் பகுதியிலுள்ள ஓர் அரசினர் பிரசவ விடுதியில் அனுமதிக்கப்பட்டாள். இது அவளுக்கு இரண்டாவது பிள்ளை.

மாமியார் லூர்த்தம்மாவைக் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டான். பார்வையாளர் நேரம் மாலை நாலு மணிக்கு.

பத்து மணிக்கு யசிந்தாவின் பனிக்குடம் நடைபாதையில் உடைந்தது. தரையைத் துடைக்கும்படி தாதி ஞானாம்பிகை அவளிடமே ஒரு துணியை எறிந்தாள். அந்தத் தரையைத் துடைப்பதற்கென்று அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தவள் யன்னலோரம் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றாள். யசிந்தா முழந்தாளில் நின்று துடைத்தாள்.

"மிசி, பிள்ளை வருகுது. முந்தினதும் கெதியாத்தான் வந்தது."

"எனக்குப் படிப்பிக்க வந்திட்டியோ? போய் வாங்கிலை இரு. பின்னேரம் பாப்பம்."

வலி கூடியதும் அவள் கத்தினாள். தாதி தொடையில் அடித்தாள்.

"மீன் கூறி விக்கிற கடற்கரையெண்டு நினைச்சியோ? புருசனோடை படுக்கேக்கை உந்தச் சத்தம் எங்கை போனது?"

கட்டில்களில் கிடந்த பெண்கள் சிரித்தார்கள். முதல் நாள் இதே பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் சிரித்தார்கள். வடகரையிலிருந்து வந்து, விடியற்காலையில் பெண்பிள்ளை பெற்றுப் படுத்திருந்த தங்கமுத்துவும் சிரித்தாள்.

பதினொன்றேகாலுக்கு, உட்கார்ந்திருந்த அந்த மர வாங்கிலிலேயே ஆண்பிள்ளை பிறந்தது. தாங்கிப் பிடிக்க அங்கே ஒரு கையும் இருக்கவில்லை. தாதி வந்து கொடியை வெட்டி, யசிந்தாவைக் கட்டிலில் ஏற்றினாள். பிள்ளை அழவில்லை, நீலம் பாரித்திருந்தது. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது. தாதி அதைத் துணியில் சுற்றி எதிரே இருந்த மேசையில் வைத்தாள்.

"உது தப்பாது. டொக்டர் ரெண்டு மணிக்கு வருவார்."

"தப்பாட்டி ஞானஸ்நானம் குடுக்கோணும் மிசி. தலையிலை கொஞ்சத் தண்ணி வாத்தாக் காணும். இல்லாட்டி மாமியை உள்ளை விடுங்கோ."

"வாயை மூடிக்கொண்டு கிட. உன்ரை கோயில் இல்லை இது."

தாதி அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் பிள்ளைக்குக் கோயில் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் இடம் கிடையாது. மதிலுக்கு வெளியே, மணியடிக்காமல், பெயரில்லாமல் புதைப்பார்கள். யசிந்தா எழும்பப் பார்த்தாள். இரத்தம் போய்க்கொண்டிருந்தது, கால் ஊன்றவில்லை. உயிர் போகும் நேரத்தில் யாரும் தண்ணீர் வார்க்கலாம், வேறு சமயத்தவரும் வார்க்கலாம் என்று புதுநன்மை வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவிருந்தது.

"அக்கா," என்று தங்கமுத்துவைக் கூப்பிட்டாள். "உங்களைக் கும்பிட்டன். நீங்கள் வாருங்கோ."

"நான் சைவம், பிள்ளை."

"பரவாயில்லை அக்கா. நான் சொல்லுறதைச் சொல்லி வாத்தாச் சரி."

தங்கமுத்து சுவரைப் பிடித்து எழும்பினாள். செம்பிலிருந்த தண்ணீரை மூன்று தரம் பிள்ளையின் தலையில் வார்த்தாள். "அந்தோனி, பிதா சுதன் இஸ்பிரித்து சாந்துவின் பேராலே உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறன்" என்று யசிந்தா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். பிள்ளை இரண்டு தரம் வாயைத் திறந்தது. பன்னிரண்டுக்குச் சற்று முன் மூச்சு நின்றது.

இரண்டு மணிக்கு வந்த டொக்டர், தாதி சொன்னபடி 'இறந்து பிறந்தது' என்று சீட்டெழுதிக் கையெழுத்திட்டார். தாயிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உயிரோடு பிறந்த பிள்ளையைத் தொடாமல் முக்கால் மணித்தியாலம் மேசையில் கிடக்கவிட்டது அத்தோடு இல்லாமற் போயிற்று.

யசிந்தாவின் புருசன் பிலிப்பு, வாசலில் கொடுத்த அந்தச் சீட்டையும், தங்கமுத்து ஞானஸ்நானம் கொடுத்ததாக யசிந்தா சொல்லியனுப்பிய செய்தியையும் கோயிலுக்குக் கொண்டுபோனான். பங்குச் சுவாமி இரண்டு தரம் வாசித்தார்.

"செத்துப் பிறந்ததுக்கு ஞானஸ்நானம் செல்லாது, பிலிப்பு. உயிரோடை கண்ட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

நாலு மணிக்குப் பிலிப்பு, தங்கமுத்துவிடம் சாட்சி கேட்க, கோயில் உபதேசியார் அருட்பிரகாசத்தோடு விடுதிக்கு வந்தான். தங்கமுத்துவின் புருசன் தியாகலிங்கம் கட்டிலடியில் நின்றார்.

"உது அவையின்ரை கோயில் விசயம். உனக்கென்ன? அடுத்த பிள்ளைக்கும் இஞ்சைதான் வரோணும்" என்றார் மனைவியிடம்.

தாதி ஞானாம்பிகையும் வந்து நின்றாள். "நீ என்னத்தைக் கண்டனீ? நித்திரையெல்லே கொண்டனீ?"

தங்கமுத்து உபதேசியாரைப் பார்த்தே சொன்னாள்.

"நான் நித்திரை கொள்ளேல்லை. பிள்ளைக்கு மூச்சிருந்தது. நான்தான் தண்ணி வாத்தனான். இவ அடிச்சதையும் கண்டனான். நானும் சிரிச்சனான்."

உபதேசியார் அதை எழுதி, தங்கமுத்துவிடம் கையெழுத்து வாங்கினார்.

அன்று மாலையே தங்கமுத்துவுக்குத் துண்டு வெட்டி, ஒரு நாள்கூட ஆகாத பிள்ளையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தோனி பிலிப்பு சேமக்காலைக்குள் அடக்கம் செய்யப்பட்டான். யசிந்தா அப்போதும் விடுதியில் கிடந்தாள். காலை வேலை முறைக்கு ஞானாம்பிகை வந்திருந்தாள்.