கனி கேட்காமல் விட்ட பேச்சு

எஞ்சின் சத்தத்தில் காதில் விழாமல் போன பேச்சு காரைவிட்டு வெளியே போவதில்லை. சீட்டுக்கு அடியில் தங்கிவிடும். சர்வீஸ் செய்கிறவர்கள் அதைத் தொட மாட்டார்கள். சொந்தக்காரருடைய பொருள் அல்லவா.

கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி நடத்தும் அவினாசியப்பனிடம் அப்படி ஒரு இத்தாலிக் கார் இருந்தது. பன்னிரண்டு சிலிண்டர், தாழ்ந்த சிவப்பு உடம்பு. நாட்டிலேயே வேறு இல்லை என்பார்கள். மனைவி சண்முகக்கனியைத் தூத்துக்குடியிலிருந்து கல்யாணம் செய்து அழைத்து வந்ததே அதில்தான். காதுக்குப் பின்னால் எஞ்சின் உறுமும். அவர் வாயசைப்பார், கனி தலையாட்டுவாள். குடும்பம் அப்படியே நன்றாக நடந்தது.

இப்போது புதிதாக ஒரு ஹைபிரிட் கார் வந்து நின்றது. பழையதைப் போல இரண்டு மடங்கு வேகம். பேட்டரியில் கிளம்பினால் மூச்சுக்கூடக் கேட்காது. ஷெட்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

“ரெண்டுலயும் உக்காந்து பாத்து நீயே சொல்லு” என்றார்.

பழையதில் பெட்ரோல் வாசனை வந்தது, முதுகு சுட்டது, பேச்சு கேட்கவில்லை. புதியதில் அவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. ஆனால் அவர் பேசவே இல்லை.

“ஏதாவது பேசுங்களேன்.”

“என்னத்தப் பேசறது கனி? எல்லாத்தையுந்தான் அதுல சொல்லிப்போட்டனே.”

கனி இறங்கிப் போய்ப் பழையதின் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு, பழையதைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகலாம் என்றாள். எஞ்சின் ஓடாமல் வண்டி மட்டும் ஓடினால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

தாராபுரம் ரோட்டில் புதிய கார் சத்தமில்லாமல் முன்னே போனது. பின்னால் பழையதின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கனி உட்கார்ந்திருந்தாள். பல்லடம் தாண்டியதும் சீட்டுக்கு அடியிலிருந்து அவர் பேச்சு வரத் தொடங்கியது. புதிய பேச்சு முதலில், பழைய பேச்சு பின்னால்.

“இந்தச் சத்தம் இல்லீன்னா எனக்குப் பேச வராது கனி.”

“புள்ளையக் கட்டிக்குடுத்து அனுப்பிச்சுட்டு வூட்டுக்குள்ள போகவே புடிக்கல. நீ முன்னால போ.”

“உனக்கு ஆபரேசன் நடந்தப்ப ரூம் வாசல்ல செருப்பு மாத்திப் போட்டுட்டு நின்னேன். நர்ஸம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது.”

கனி கண்ணைத் துடைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. குரல் போகப் போக இளசாகிக்கொண்டே வந்தது. கடைசியாக அடியில் கிடந்தது வந்தது. கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்த முதல் நாள் பேச்சு.

“உங்க ஊர்ப் பக்கமே போயி, கடல் தெரியற மாதிரி ஒரு வீடு பாக்கலாமா?”

அதன் மேலேயே, அதே நொடியில், இன்னொரு குரல். அவளுடையதுதான், இருபது வயதுக் குரல்.

“இங்க காத்துல உப்பே இல்லையே.”

கனி ஹாரன் அடித்தாள். அவர் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, அவள் பக்க ஜன்னலில் குனிந்தார்.

“கடல் தெரியற மாதிரி வீடு பாக்கலாமான்னு நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன். நீ தலையாட்டினியே. நீயா கெளம்புவேன்னு பாத்துட்டே இருந்தேன்.”

“இப்பப் போவமா?”

“செரி.”

கயிற்றை அவிழ்த்தார்கள். பேச்சு காலியானதால் இலேசாகிவிட்ட பழைய கார் தானாகவே பின்னால் வந்தது. கனி புதியதில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவர் பேசினார், தயங்கித் தயங்கி. அவள் ஒரு முறைகூடத் தலையாட்டவில்லை, பதில் சொன்னாள்.

தாராபுரம் தாண்டியதும் வண்டிகள் நின்றிருந்தன. எதிரே தூத்துக்குடிக் கடல் வந்துகொண்டிருந்தது, ரோட்டில் தன் பக்கத்திலேயே, மெதுவாக. போலீஸ்காரர் ஒருவர் அதற்கு வழிவிடச் சொல்லிக் கைகாட்டினார். அவினாசியப்பன் இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரம் கட்டினார்.