டாக்கெட் கடையில் டிராக்டர் இல்லை

1

மண்வாசனையோடு ஒரு கதை வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். கோளாறு அங்கேதான் தொடங்கியது. நீங்கள் அமெரிக்காவில், நாஷ்வில்லில் இருக்கிறீர்கள், கன்ட்ரி என்கிற கிராமத்துப் பாட்டு விளைகிற ஊர், தொப்பி, கிதார், குதிரை என்று தொலைபேசியிலேயே எனக்குப் பாதிக் கதையை எழுதிக் கொடுத்துவிட்டார். சரி என்றேன். இந்த ஊரில் நான் குதிரையைப் பார்த்ததுண்டு. அதன் மேல் போலீஸ்காரர் உட்கார்ந்து வண்டிகளை ஓரம்கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றே ஒரு தொடக்கம் எழுதினேன்:

(கென்டக்கி மலைச்சரிவில், புகையிலைக் கொட்டகைக்குப் பின்னால் பொழுது சாய்கிற நேரம், மார்லாவின் தகப்பன் தன் பழைய டிராக்டரை மெல்ல)

மெல்ல என்ன செய்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மார்லாவின் அப்பாவிடம் டிராக்டர் கிடையாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் கை தானாக அதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

2

மார்லா டாக்கெட் என் பக்கத்து வீட்டுக்காரி. மற்றவர்கள் பாடுவதற்குப் பாட்டு எழுதித் தருவது அவள் தொழில். இதற்கென்றே ஒரு நிறுவனம் அவளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறது. ஆனால் அவள் எழுதிய எதையும் இதுவரை பெயர்பெற்ற பாடகர் யாரும் பாடவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் ஒருவராவது பாடினால் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி, முன்பு பார்த்த பல் ஆஸ்பத்திரி வரவேற்பு வேலைக்கே போகவேண்டும். இந்தக் கதையில் உள்ள கவலை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

அவளோடு சேர்ந்து எழுதுகிறவன் பென் ரோஸ்லர். நியூ ஜெர்சிக்காரன், பல் டாக்டரின் மகன். பல் டாக்டர் மகன் டிராக்டர் பாட்டு எழுதுகிறான், டிராக்டர் ஊர்க்காரி பல் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறாள் என்று ஒரு வாக்கியம் எனக்கு ஓசியில் கிடைத்தது. அதை வைத்து முதல் பிரதியில் பென்னை வில்லனாக்கினேன். பெரிய தொப்பி கொடுத்தேன். (தொப்பி உண்மையிலேயே அவனுடையதுதான்.) அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் இழுவைப் பேச்சைப் பழகிக்கொண்டு, தெற்கத்திக்காரர்களை விட அதிகமாக சார், மேடம் போடுகிறவன் என்று எழுதினேன். அதுவும் நிஜம். ஆனால் வில்லன் வேலை எதைக் கொடுத்தாலும் செய்ய மறுத்தான். மார்லாவின் வரியை அவன் திருடுகிற காட்சி ஒன்றை எழுதிப் பார்த்தேன். பாதியிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான். அடித்துவிட்டேன்.

3

நடந்தது இதுதான். மார்லாவின் அப்பா ராய்ஸ் டாக்கெட் கண் பரிசோதனைக்காக வந்திருந்தார். சொட்டு மருந்து விட்டதில் வெளிச்சம் கூசியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு, மேடையேறக் காத்திருக்கும் நட்சத்திரம் மாதிரி இருந்தார். மார்லாவின் கார் பட்டறையில் கிடந்ததால் ஓட்டியது நான். அவரை வீட்டில் கொண்டுபோய்விட நேரமில்லை. எல்லோருமாகப் பாட்டு எழுதப் போனோம்.

மார்லாவின் கம்பெனி இருக்கும் தெருவில் பழைய வீடுகளெல்லாம் இப்போது பாட்டுக் கம்பெனிகள். படுக்கையறைக்கு இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து காலை பதினொரு மணிக்குப் பாட்டுக்காக மனம் உடைவார்கள். ஒரு மணிக்குச் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள்.*

* தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுதும்போது அறையில் யார் இருந்தாலும் பாட்டில் அவர்களுக்குச் சம பங்கு. ஒரு சொல் சொன்னாலும் சரி, வாயே திறக்காவிட்டாலும் சரி. யாரால் எந்த வரி வந்தது என்று அளக்கத் தொடங்கினால் மறுநாள் யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பதற்காக. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் விருந்தாளிகளை வெளியே உட்காரவைப்பார்கள். அன்றைக்கு யாருக்கும் அது தோன்றவில்லை. வெளி வராந்தாவில் வெயில் அதிகம், ராய்ஸுக்குக் கண் கூசும்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பென் பாட்டுக்கு மண் சாலையை எடுத்தான், வைத்தான். நிலாவை எடுத்தான், அதையும் வைத்தான். பிறகு மரியாதைக்காக ராய்ஸிடம் என்ன தொழில் என்று கேட்டான்.

"வீடியோ கடை வெச்சிருந்தேன் தம்பி. முன்பக்கம் கேசட்டு. பின்பக்கம் ரெண்டு பெட்டி, உள்ள படுத்து லைட்டப் போட்டா வெள்ளத் தோலு அழகா பழுப்பாகும். பள்ளிக்கூடத்துல டான்ஸு வந்தாப் போதும், பொண்ணுங்க வரிசைல நிப்பாங்க. கூட்டிட்டு வந்த அப்பனுங்க சும்மா நிக்க முடியாம ஆளுக்கொரு படம் எடுத்துட்டுப் போவாங்க."

எப்போது மூடினீர்கள் என்று கேட்டான் பென்.

"மூடினது எப்பவோ. ஆனா போர்டக் கழட்டின பிறகும் கதவு ஓட்டை வழியா கேசட்டு விழுந்துகிட்டே இருந்துச்சு. யார் யாரோ என்னைக்கோ எடுத்துட்டுப் போனது. வாங்கி வெக்கக் கடையே இல்ல. கொண்டாந்து போட்டாங்க."

பென்னின் கை கிதாரிலிருந்து இறங்கியது. மார்லா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஏம்ப்பா எங்கிட்டச் சொன்னதே இல்ல?"

"நீ கேட்டதே இல்லையே கண்ணு."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேசட்டுகளை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்டுவிட்டேன். அவர் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து ஓடுகிற மாதிரி திரும்பச் சுற்றி, காலி அலமாரியில் அடுக்கியதாகச் சொன்னார். வேறென்ன செய்வது என்றும் கேட்டார். கடைசி வரி கிடைத்துவிட்டது என்று பென் எழுந்தே நின்றுவிட்டான். "மேடம், நீங்களும் உள்ள" என்றான். ஸ்வரம் ஏழு என்பதற்கு மேல் இசையில் எதுவும் தெரியாத நான் அப்படித்தான் ஒரு கன்ட்ரி பாட்டின் நான்காவது ஆசிரியை ஆனேன்.

கடைப் பாட்டு முடிந்ததும் மார்லா அதைக் கைபேசியில் பாடிப் பதிந்தாள். கம்பெனியில் அவர்களுடைய மேலாளர் டெனிஸுக்கு பென் அனுப்பினான். நாங்கள் பொரித்த கோழியும் கீரையும் சோள ரொட்டியும் சாப்பிடப் போனோம். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரேடியோவில் வருமா என்று ராய்ஸ் ரொட்டியைக் கீரைச் சாற்றில் தொட்டுக்கொண்டே கேட்டார்.

4

திரும்பி வந்தபோது டெனிஸ் அழைத்தாள். பாடகன் வேட் பிராஷியர் பதிவுக்கூடத்தில் இருக்கிறான், அவளும் அங்கேதான். நாட்டில் பாதிப் பேர் காரில் போகும்போது கேட்கிற குரல். அவனுடைய புதுத் தொகுப்புக்கு ஒரு பாட்டு குறைகிறது. மெட்டு அவனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கடைதான் இடிக்கிறதாம். இது எங்கள் ஜனங்களின் வாழ்க்கை மாதிரியே இல்லை என்கிறானாம்.*

* வேட் வளர்ந்தது அட்லாண்டாவுக்கு வெளியே, கோல்ஃப் மைதானத்தைப் பார்த்த வீட்டில். இங்கே அவனைக் கொஞ்சம் கிண்டல் செய்யலாம் என்றுதான் இந்தக் குறிப்பைத் தொடங்கினேன். நான் பிறந்தது மாம்பலம் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்து. என் முதல் தொகுப்பில் பாதிக் கதைகளில் ஏர் வருகிறது. குறிப்பு முடிந்தது.

"செல்லங்களா," என்றாள் டெனிஸ், "கடைய எடுத்துட்டு ஒரு டிராக்டர வெச்சிடுங்க. அவ்வளவுதான். நாலு பேரும் சரின்னா இன்னிக்கே பாடிடறான். நான் லைன்லயே இருக்கேன்."

காபி ஆறுவதற்குள் பென் மாற்றிவிட்டான். கடனில் மூழ்கிய ஒரு விவசாயியின் டிராக்டர் ஏலத்துக்கு வருகிறது. ஊரே வந்து நிற்கிறது, அவருக்காக ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. டிராக்டர் அவரோடேயே வீட்டுக்குத் திரும்புகிறது. சிக்கல் என்னவென்றால் அது நன்றாக இருந்தது. என் கண் கலங்கியது. ராய்ஸ் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் துடைத்துக்கொண்டார்.

"பாவம்பா. யாரு அந்த ஆளு?"

"நீங்கதான் சார்," என்றான் பென்.

ராய்ஸ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எனக்குச் சம்மதம் என்றார். மார்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் ஒரு நாள்கூட டிராக்டரில் உட்கார்ந்ததில்லையே என்றாள்.

"எங்கப்பா வெச்சிருந்தாரு. அதுல ஏறக்கூடாதுன்னுதானே நான் கடையே போட்டேன். பாட்டுல ஓட்டறதுன்னா ஓட்டறேன், இடுப்பு வலிக்காதில்ல."

"அப்ப அந்தக் கேசட்டெல்லாம்?"

"அது நமக்குத் தெரியும் கண்ணு. நீ இந்த ஊர்லயே இருக்கணும்ல."

 அதற்குமேல் எதிர்த்தது பென்தான். அவனும் டிராக்டரில் ஏறியதில்லையாம். இத்தனை வருடத்தில் அவன் கண்ணெதிரே பிறந்த பாட்டு இது ஒன்றுதானாம். கடைதான் வேண்டும் என்று தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். தொப்பி இல்லாத பென்னை நான் அன்றுதான் பார்த்தேன். அவனுக்கு வழுக்கை.

5

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: மார்லா மறுத்துவிடுகிறாள். ஒரு சின்ன விடுதியில், பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால், கேசட் பாட்டைத் தானே பாடுகிறாள். யாரோ ஒரு ஓட்டுநர் ஓரமாக நின்று அழுகிறா... இதை எழுதும்போது எனக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் சந்தேகம் கொடுத்தது. சிற்றிதழ் வாசகர்களான உங்களுக்கு இது எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். விற்காத கலைஞர், காலி அரங்கு, ஒற்றைக் கண்ணீர்த் துளி. இது நம் சந்தையின் டிராக்டர். மார்லா ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுக்கும் மிச்ச வருடங்களை அந்தத் துளி எங்கே தாங்கும்?

இரண்டாவது முடிவு: சம்மதிக்கிறாள். பாட்டு ஓடுகிறது. ஊர்த் திருவிழாவில் ராய்ஸை யாரோ கடனாகக் கொடுத்த டிராக்டரில் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள். அவர் எல்லோருக்கும் கையசைக்கிறார். பின்னால் நடந்துவருகிறவர்களில் பாதிப் பேர் கேசட் திருப்பிக் கொண்டுவந்து போட்டவர்கள். அவர்களும் கைதட்டுகிறார்கள். (இதிலும் எனக்குக் கண் கலங்கியது. என் கண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.)

மூன்றாவது: வீடியோ கடை வாசலில் டிராக்டரை நிறுத்திவிடலாம். இது பென் சொன்னது. லைனில் இருந்த டெனிஸ் சிரிக்கவில்லை.

6

கடைசியில் மார்லாதான் ஓட்டுப் போட்டுவிடலாம் என்றாள். எது அதிகமோ அதற்கு எல்லோரும் கட்டுப்படவேண்டும். தன் வாழ்க்கையை மற்றவர்கள் ஓட்டுக்கு விடலாமா என்று கேட்டேன். பாட்டில் இருப்பது என் வாழ்க்கை இல்லை, அப்பாவுடையது, அவர் அதைப் பென்னுக்கும் உங்களுக்கும் முன்னால் சொல்லிவிட்டார் என்றாள். அவள் குரலில் சலிப்பு இல்லை. சொல்லிவிட்டு ஒரு பொம்மையைப் பங்கு போடப்போகிற குழந்தை மாதிரி சிரித்தாள்.

ராய்ஸ் டிராக்டர். பென் கடை. நானும் மார்லாவும் ஒரே நேரத்தில் சொன்னோம், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லவில்லை. யார் எதைச் சொன்னோம் என்று எழுதிப் பார்த்தேன். எழுதினால் நீங்கள் எங்களில் ஒருவர் பக்கம் சாய்வீர்கள். அடித்துவிட்டேன்.

இரண்டுக்கு இரண்டு.

தொலைபேசியில் பதிவுக்கூடத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ முரசைத் தட்டிப் பார்த்தார்கள். தொழில் தெரிந்த டெனிஸ், பின்னால் தகராறு வரக்கூடாது என்று எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"ரூம்ல வேற யாராவது இருக்கீங்களா?"

பென் சுற்றிப் பார்த்தான். மார்லா பார்த்தாள். நானும் பார்த்தேன். இவ்வளவு நேரமாக வாய் திறக்காமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். ராய்ஸ் தன் நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டு, தொலைபேசியை உங்கள் பக்கமாக நகர்த்தினார்.

"சத்தமா சொல்லுங்க," என்றார். "அவங்களுக்கு அந்தப் பக்கம் டிரம்ஸு ஓடுது."