பச்சை விளக்கு

பிலோமினாவின் நிறுவனத்தில் எல்லோரும் கண்டெய்னர் பெட்டிகளில்தான் இருந்தார்கள். அதிலேயே வேலை, அதிலேயே குடித்தனம். ஏதாவது கோளாறு என்றால் வராந்தாவில் நின்று ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்துவார்கள். பெட்டி புதிதாகிவிடும். உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். போகக் கூடாததைப் பின்கதவு வழியாக ஸ்டோரேஜ் அறையில் வைக்க வேண்டும்.

பிலோமினா தன் கணவன் தேவசகாயத்தை வைத்தாள். அப்போது இருவருக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. முடிக்க நேரமில்லை. தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ரீஸ்டார்ட் முடிந்ததும் பின்கதவைத் திறந்தாள். காலி அறை. சுவரில் வெள்ளையடித்த ஈரம்.

சப்போர்ட்டிலிருந்து கிருபாகரன் வந்தான்.

"அறை இருக்குல்ல மேடம்?"

"இருக்கு. அவரைக் காணோம்."

"சார் அஞ்சாவது மாடியில இருக்கார். நான் கதவுக்கு நாலாவதுன்னு போட்டுட்டேன்."

"இந்தக் கட்டடத்துல நாலாவது மாடியே கிடையாதே."

"கிடையாது. கேட்டதால கட்டிட்டாங்க."

"இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ற வழக்கமில்ல மேடம். கதவு மேல பச்சை விளக்கு எரியுது பாருங்க, எல்லாம் சரின்னு அர்த்தம்."

கதவை ஐந்தாவது மாடிக்கு மாற்றி மாட்டினான். தேவசகாயம் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தான். பிலோமினா ஓடினாள். நிலைப்படியில் கால் நின்றுவிட்டது.

"பார்க்க மட்டும்தான் அனுமதி," என்றான் கிருபாகரன். "சார் பேசினா உங்களுக்குக் கேட்கும். நீங்க பேசறது உள்ள போகாது."

"என்ன மினா, இன்னும் கோவமா?" என்றான் தேவசகாயம்.

"இல்லைங்க."

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ?"

"இல்லைன்னுதான் சொல்றேன்."

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் காத்திருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உள்ள பேச அனுமதி குடு," என்றாள் கிருபாகரனிடம்.

"குடுக்கறவர் சாப்பிடப் போயிருக்கார்."

"எப்ப வருவார்?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து சாப்பிடறார்." அடையாள அட்டையைத் தடவினான். "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமா?"

பிலோமினா அவனைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள்.

கதவு திறந்தது. கிருபாகரன் புத்தம் புதிதாக நின்றான். சட்டையின் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

"வணக்கம் மேடம். என்ன பிரச்சனை?"

அவள் அவனைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தாள். காலி அறை. சுவரில் ஈரம். மறுபடி நாலாவது மாடி.

மேல்மாடியில் தேவசகாயம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா? கோவம் வந்தா பேசவே மாட்டா."

பிலோமினா கூரையைப் பார்த்துக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.