மட்டி பார்க்கிற வேலை

ஸ்காபரோ ஏரிக்கரையில் படகு ஏற்றி இறக்கும் துறை ஒன்றில், அந்தக் கோடையில் இரண்டு பேர் சோதனை வேலை பார்த்தார்கள். ஏரியை விட்டு வெளியேறும் படகெல்லாம் அவர்கள் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். பாசியோ தேங்கிய தண்ணீரோ இருக்கக்கூடாது. முக்கியமாக, ஸீப்ரா மசல் என்கிற வரிபோட்ட சின்ன மட்டி இருக்கவே கூடாது. நக அளவுதான். ஆனால் அது வடக்கே சுத்தமான ஏரி ஒன்றுக்குள் போய்ப் பெருகினால் அந்த ஏரி பாழ்.

ஒருத்தி நிரூபா. வயது முப்பத்தொன்று, சுற்றுச்சூழல் டிப்ளோமாக்காரி. மற்றவ கிளடிஸ் அன்ரி. ஐம்பத்தெட்டு வயது, இருபது வருடம் பக்ரறியில் பெட்டி கட்டினவ. ஆனால் படகுக்காரர்கள் அன்ரியைத்தான் தேடி வந்தார்கள். அவ தரையில் முழங்கால் ஊன்றி, ரோர்ச் அடித்து, படகின் அடியை விரலால் தடவித் தடவிப் பார்ப்பா. சூப்பர்வைசர் யோசப் ஒருநாள் நிரூபாவிடமே, "அன்ரியிட்டக் கொஞ்சம் பழகும்" என்றார். அடுத்த வருடம் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை என்றும் சொன்னார். அது அவளுக்குள் முள்ளாய் இறங்கியது.

ஜூலைச் சனிக்கிழமை ஒன்றில், வோபர்னிலிருந்து வந்த இர்ஷாத் தன் படகை ட்ரெயிலரில் இழுத்தெடுத்தான். அன்ரி அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "சரி தம்பி, கொண்டு போம்" என்றா. அந்த நேரம் யோசப்பின் கார் வந்து நின்றது. அன்ரி படிவம் எழுதத் திரும்பினா. சனத்துக்குக் காட்டுவதற்கென்று போத்தலில் செத்த மட்டிகள் வைத்திருந்தார்கள். நிரூபா அதில் ஒன்றை எடுத்து மோட்டர் இடுக்கில் செருகினாள்.

"இதையொருக்கா நீங்களும் பாருங்கோவன்," என்றாள் யோசப்பிடம்.

யோசப் மட்டியைக் கண்டெடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"அந்த இடத்தை நான் தடவிப் பாத்தனான்," என்றா அன்ரி.

"அவங்க நல்லாத்தான் பாத்தாங்க," என்று இர்ஷாத்தும் சொன்னான்.

யோசப் கோபிக்கவில்லை. "ஆருக்கும் தவறும்," என்றார்.

அன்றிலிருந்து அன்ரி ஒவ்வொரு படகையும் இரண்டு தரம் பார்த்தா. அவவுக்கு நீரிழிவு. தாய் கண் தெரியாமலே செத்தவ. "பிள்ளை, என்ர கண் பழுதாப் போகுதோ தெரியேல்லை," என்று நிரூபாவிடம்தான் சொன்னா. நிரூபாவுக்குப் பாவமாக இருக்கவில்லை. இனி மிச்சத்தை அன்ரியே செய்துகொள்ளுவா என்றுதான் பட்டது.

இரண்டு கிழமை கழித்து இன்னொரு மட்டி. இம்முறை ஒளிக்கவும் இல்லை. அன்ரி பார்த்து முடித்த படகின் பக்கவாட்டில், வெயில் படும் இடத்தில், ஈரச் சேற்றோடு ஒட்டிவைத்தாள்.

"அன்ரி, உது என்ன?"

அன்ரி குனிந்து பார்த்தா. விரலால் தொட்டுப் பார்த்தா. நிரூபா ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. அன்ரியே யோசப்புக்குப் போன் எடுத்து, தன்னால் ஒரு ஏரி அழியக்கூடாது என்று சொல்லி வேலையை விட்டா.

நிரந்தர வேலை நிரூபாவுக்குக் கிடைத்தது.

நவம்பரில், மழைத்தூறலில், பஸ் தரிப்பிடத்தில் அன்ரியைக் கண்டாள். காரை விற்றாச்சு என்றா அன்ரி. கண் டொக்டர் ஒரு பிழையும் இல்லை என்கிறாராம். அன்ரி அதை நம்பவில்லை. மாதா கோயிலில் பைபிள் வாசிப்பதையும் விட்டுவிட்டா.

"உண்மையைச் சொல்லும் பிள்ளை. என்ர கண் பழுதெண்டு உமக்கு முதலே தெரிஞ்சதோ?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். நிரூபா அன்ரியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் அன்ரி. கொஞ்ச நாளாக் கவனிச்சனான். சொன்னா மனம் நோவீங்களெண்டு சொல்லேல்லை."

அன்ரி அவள் கையைப் பிடித்து அழுத்தினா. "நீராவது மறைக்காமல் சொன்னீர்," என்றா. பிறகு, "எந்தப் பக்கம் போறீர்?" என்று கேட்டா.

"மற்றப் பக்கம் அன்ரி," என்றாள் நிரூபா.

பஸ் வந்தது. அன்ரி கம்பியைப் பிடித்து, காலால் படியைத் தேடித் தேடி ஏறினா. நிரூபா சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்த தன் காரை எடுத்து, அதே பஸ்ஸுக்குப் பின்னால் அதே தெருவில் வீட்டுக்குப் போனாள்.