கடைசி பஸ்ஸில் விடுதலையான மணிமொழி

அப்பாவின் அறுபதாவது பிறந்த நாளுக்கு மணிமொழி ஒரு வேட்டி சட்டை எடுத்திருக்கலாம். கோயிலில் ஓர் அர்ச்சனை செய்திருக்கலாம். அந்தப் பெண்ணோ சினிமா டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அதுவும் எந்தப் படத்துக்கு? எந்தக் கதாநாயகியின் பெயரைத் தனக்கு வைத்தார்களோ அதே படத்துக்கு. பழைய படத்தைத் துடைத்து, மெருகேற்றி, டவுனில் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியாகப் போடுகிறார்களாம்.

அப்பா பலராமன் துள்ளிக் குதிக்காத குறை. சமையலறையில் இருந்த அம்மா அன்புச்செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, டிக்கெட்டில் இருந்த படத்தின் பெயரை இரண்டு தடவை படித்தாள்.

விஷயம் இதுதான். பலராமன் கீழ்பென்னாத்தூர்க்காரர். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் ஊருக்குப் போகும் கடைசி பஸ், டவுன் கொட்டகையில் படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பிவிடும். வில்லன் துப்பாக்கியைத் தூக்கும் நேரம் பார்த்துக் கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். "கெளம்பிட்டானுங்கடா பஸ்காரனுங்க" என்று டவுன்காரர்கள் கத்துவார்கள். ஆனால் முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்குமா? அதனால் முடிவைப் பஸ்ஸிலேயே முடிவுசெய்வது என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள், சண்டை போடுவார்கள், கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் தன் கருத்தைச் சொல்வார். கடைசித் தீர்ப்பு டிரைவர் வேணுவுடையது. ஸ்டியரிங் அவர் கையில் இருக்கும்போது எவன் எதிர்த்துப் பேசுவான்?

இந்தப் படத்தில் ஒரு ரைஸ்மில் குடும்பம். வீட்டு ஆண்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். கொன்றது யார்? கணக்குப்பிள்ளைதான் என்று வேணு ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது தீர்ப்புச் சொன்னார். அவன் சிரிக்கவே மாட்டான், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், வேறென்ன சாட்சி வேண்டும்? பொறுமைசாலியான மருமகள் மணிமொழி அவனைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் குத்துவிளக்கு ஏற்றுகிறாள். சுபம். பலராமன் மடியில் வைத்திருந்த பையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

அன்புச்செல்வி டவுன்காரி. அவளுடைய அப்பா குமரேசன் அதே கொட்டகைக்குள் சோடாக் கடை வைத்திருந்தார். இடைவேளை முடிந்துவிட்டால் கதவில் டிக்கெட் கேட்க ஆள் இருக்காது. அந்த நேரம் பார்த்து அவள் பெண்கள் பக்கம் புகுந்துவிடுவாள். அவள் வாழ்நாளில் பார்த்த படமெல்லாம் பின்பாதிதான். ஆக, இந்தப் படத்தில் மூன்று பேருக்கும் காபியில் விஷம் வைத்தது சாட்சாத் மணிமொழிதான் என்பது அவளுக்கு ஏழு வயதிலேயே தெரியும்.

பெண் பிறந்தபோது பலராமன் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து, "மணிமொழின்னு வெக்கலாம் செல்வி. அந்தப் பொறுமை, அந்த குணம், நம்ம பொண்ணுக்கும் வரட்டும்" என்றார். அன்புச்செல்வி சொல்ல வாயைத் திறந்தாள். அந்த மனிதரின் முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு மூடியதுதான், இன்றுவரை திறக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மகள் காபி கொண்டுவரும்போதெல்லாம் பலராமன், "அந்தப் படத்துல வர்றவளே நேர்ல வந்தா மாதிரி இல்ல?" என்பார். அன்புச்செல்விக்குப் புரையேறும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அம்பலமாகப் போகிறது. பெற்ற மகளுக்குக் கொலைகாரி பெயரை வைத்திருக்கிறோம் என்பதைக்கூட மனிதர் தாங்கிவிடுவார். கட்டியவள் தெரிந்துகொண்டே இத்தனை வருஷம் ஊமையாக இருந்தாள் என்பதைத் தாங்க மாட்டார். அன்புச்செல்விக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

"ஏசி உங்களுக்கு ஒத்துக்காதுங்க. சளி ஜாஸ்தியாயிடும்."

"மணல்ல குந்திக்கினு பீடிப் புகைக்கு நடுவுல பார்த்தவன் நான். எனக்கு ஏசி இன்னா பண்ணும்?"

"மழை வர்ற மாதிரி இருக்குது."

"கொட்டகைக்குள்ளயா பெய்யப் போவுது?"

சரி, இடைவேளையில் தலைவலி என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று மனத்துக்குள் திட்டம் போட்டுக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினாள்.

தியேட்டர் நிறைய நரைத்த தலைகள். செங்கத்திலிருந்தும் வேட்டவலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். படம் ஆரம்பித்தது. அன்புச்செல்வி அதன் முன்பாதியை முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

மாமனார் சாப்பிட்ட தட்டைக் காலால் மருமகள் பக்கம் தள்ளினார். அவள் குனிந்து எடுத்தாள்.

"பார்த்தியா, இன்னா பொறுமை!" என்று பலராமன் காதோரம் கிசுகிசுத்தார்.

பெரிய மைத்துனன் அவள் நகையை விற்றுச் சீட்டாடிவிட்டு, அவளே அதைப் பிறந்த வீட்டுக்குக் கடத்திவிட்டாள் என்றான். சின்னவன், மகளைப் பார்க்க வந்த கிழவர் மேல் நாயை அவிழ்த்து விட்டான். தகப்பன் கிழிந்த வேட்டியோடு படலைத் தாண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவள் காபித் தட்டோடு நின்றாள். புருஷன்காரன் பேப்பரைத் திருப்பினான்.

"ஒரு வார்த்த எதிர்த்துப் பேசறாளா பாரு" என்றார் பலராமன், கண் கலங்கி.

அன்புச்செல்விக்குக் காது மடல் சூடேறியது. இதெல்லாம் அவளுக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு காலமும் அவள் மனத்தில் இருந்தவள் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டே விஷம் கலக்குகிற ஒரு ராட்சசி. மாமனார் முதல் ஆளாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய, இடைவேளை விட்டார்கள். அவளுக்குத் தலையும் வலிக்கவில்லை, ஒன்றும் வலிக்கவில்லை.

"பாப்கார்ன் வாங்கியாரட்டா?" என்றார் பலராமன்.

"ஒண்ணும் வாணாம், உக்காருங்க. போட்டுடப் போறான்" என்றாள்.

பின்பாதி ஓடியது. கடைசிக் கட்டம் நெருங்கியபோது ஒரு வேடிக்கை நடந்தது. இன்ஸ்பெக்டர் கூடத்துக்குள் நுழைந்ததும் தியேட்டரில் பாதிப் பேர் தானாக எழுந்து நின்று செருப்பைத் தேடினார்கள். அப்புறம் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை என்பது உறைத்து, அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்தார்கள். பலராமனும் உட்கார்ந்தார். திரையில் மணிமொழி விலங்குக்குக் கையை நீட்டி, "நான்தான்" என்றாள்.

விளக்கைப் போட்டதும் ஆரம்பித்தது அமளி.

வெளியே மேனேஜர் சாகிலைச் சுற்றிவளைத்துக்கொண்டார்கள். அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"டிஜிட்டல் பண்றேன்னு க்ளைமாக்ஸையே மாத்திட்டீங்களேய்யா!" என்று பலராமன் பாய்ந்தார். "கொன்னது கணக்குப்பிள்ள!"

"கணக்குப்பிள்ளயா? டாக்டர்யா அவன். எங்க வேட்டவலம் பஸ்ல அன்னைக்கே பேசி முடிச்சாச்சு" என்றார் ஒருவர்.

"செங்கம் பஸ்ல யாருமே சாவல. எல்லாம் அந்தப் பொண்ணு கண்ட கெனா" என்றார் ஓர் அம்மாள், கண்டிப்பாக.

"சார், அந்தக் காலத்துலயே இதான் சார் முடிவு" என்று சாகில் கெஞ்சினான். யார் கேட்கிறார்கள்? பிறப்பதற்கு முன்னால் வந்த படத்தைப் பற்றி அவன் என்ன கண்டான்?

பலராமன் மனைவியின் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். "இதோ, என் வீட்டுக்காரம்மா. டவுன்காரி. கொட்டகைக்குள்ளயே கடை வெச்சிருந்த குடும்பம். கடைசி வரைக்கும் பார்த்தவ. நீ சொல்லு செல்வி, மணிமொழியா கொல பண்ணா?"

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. மகளும் அம்மாவையே பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனிதர் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்கு வருவார், எல்லாம் பழையபடி நடக்கும். காலையில் என்றால் அன்புச்செல்வி அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"ஆமாங்க. அவதான் பண்ணா. எனக்கு அப்பவே தெரியும்."

பலராமனின் கை நழுவியது. "அப்பவேவா? பேரு வெக்கும்போதேவா?"

"பேரு வெக்கும்போதே. உங்க மூஞ்சில இருந்த சந்தோஷத்த கெடுக்க மனசு வரல, அதான் வாய மூடிக்கினேன். கொலகாரி பேர வெச்சிட்டமேன்னு இத்தினி வருசமா உள்ளுக்குள்ள செத்துக்கினு இருந்தேன்." மூச்சு விடாமல் மேலே பேசினாள். "மொதப் பாதிய இன்னைக்குத்தாங்க பார்த்தேன். பொறுமை பொறுமைன்னு நீங்க சொன்னது இதத்தானா? எச்சித் தட்டக் காலால தள்றான், பெத்த அப்பன் மேல நாய வுடறான், அவ காபி எடுத்தாந்து தரா. அதப் பார்த்து உங்களுக்குக் கண்ணு கலங்குது. எனக்குக் கை துறுதுறுங்குது. நல்லா பண்ணா! நம்ம பொண்ணுக்கு நல்ல பேருதான் வெச்சிருக்கோம்."

செங்கத்து அம்மாள் படபடவென்று கை தட்டினாள். மணிமொழி வந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சாகில் இதுதான் சமயமென்று நழுவிப்போய்விட்டான்.

ஆட்டோ வேங்கிக்கால் வீட்டுக்குப் போகிற வழி முழுக்கப் பலராமன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா, அவமானமா என்று தெரியாமல் அன்புச்செல்வி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் அவர் மெல்லத் திரும்பினார். ஐந்து பத்து வருஷம் கூடிப்போன மாதிரி இருந்தது முகம்.

"எல்லாம் சரி செல்வி. அந்தப் புருஷங்காரன், அவ்ளோ நடக்கும்போதும் பேப்பரப் படிச்சிக்கினு குந்தியிருந்தானே. அவன மட்டும் ஏன் வுட்டுட்டா?"

அன்புச்செல்வி அவரை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதத்தாங்க நானும் வழியெல்லாம் யோசிச்சிக்கினே வரேன்" என்றாள்.