உலகத்தில் பதினாலு ஓட்டை

கப்பல் ஏற வந்த கூட்டத்தில் கண்டக்டர் ஒருத்திதான் எல்லோருடைய கையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ்ஸில் சீட்டுக் கிழித்தவளுக்கு முகமெல்லாம் அப்புறம்தான், முதலில் கை. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியும் சொந்தபந்தம் அவளைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டது. அவளும் பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் அவள் கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டையை மாட்டிவிட்டார்கள். முதல் துறைமுகத்தில் ஏறி உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிறவர்களுக்குப் பச்சை அட்டை. நடுவில் ஒரு கட்டம் மட்டும் ஏறி இறங்குகிறவர்களுக்கு மஞ்சள். இந்த வித்தியாசம் அறைச் சாவிக்காக மட்டும் என்று அவள் நினைத்தது லிஃப்ட் வரைக்கும்தான்.

லிஃப்டில் மடிப்புக் கலையாத பேன்ட்டோடு நின்ற ஒரு பச்சை அட்டைப் பெரியவர், முகத்தைப் பார்க்கும் முன்னே அவள் அட்டையைப் பார்த்தார்.

"எத்தனை நாள்?"

"பதினாறு."

"ஓ, அரை டிக்கெட்டா." லிஃப்டில் இருந்த மற்ற பச்சைகள் புன்னகைத்தன.

"பன்னெண்டு வயசுக்கு மேல அரை டிக்கெட் கிடையாதுங்க," என்றாள் கண்டக்டர். "நான் கிழிச்சதே இல்ல."

பெரியவர் அடுத்த தளத்தில் இறங்கிக்கொண்டார். கதவு மூடுவதற்குள் கண்டக்டர் அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள்: செக்கிங். நடுவழியில் சொல்லாமல் ஏறி, பஸ்ஸையே தான் பெற்றதுபோல் பார்த்து, எல்லோர் சீட்டையும் பிடுங்கிப் பார்க்கிற ஆளுக்கு அவள் தொழிலில் அதுதான் பெயர்.

அவள் வந்தது ஊர் பார்க்க இல்லை. அக்காவுக்காக.

அக்கா ஜியாக்ரபி டீச்சர். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் கோலால் கடலையும் மலையையும் தட்டிக் காட்டியவள், அதில் ஒரு கடலில்கூடக் கால் நனைத்தது கிடையாது. அவளும் அத்தானும் வாழ்நாள் ஆசையாக இந்தக் கப்பலில் ஏறினார்கள். ஐம்பதாவது நாள் மேல்தளத்து நடன வகுப்பில் அத்தான் தன் வயதை மறந்து சுழன்றார், கணுக்கால் முறிந்தது. "நீயாவது முழுசும் பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு அவர் மகள் வீட்டுக்கு விமானம் ஏறினார். மூன்று வாரம் கழித்து அக்கா தங்கைக்குப் போன் செய்தாள். அத்தானுடைய படுக்கை காலியாகத்தான் கிடக்கிறது, ஒரு கட்டத்துக்கு வந்து இரு என்றாள். குரல் சரியில்லை. கண்டக்டர் மறு பேச்சுப் பேசாமல் பெட்டி கட்டினாள்.

அறைக்குள் நுழைந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அக்காவின் பெரிய பெட்டி பாதி அடுக்கித் திறந்து கிடந்தது.

"நீ இறங்குறப்ப நானும் உன்கூடவே இறங்கிடறேன்டி," என்றாள் அக்கா. "போதும். பாத்த வரைக்கும் போதும்."

"இன்னும் பாதி உலகம் இருக்கே."

"அது எங்கயும் ஓடிப்போகாது."

எந்தக் கடலின் பெயரைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கரையை வரைகிறவள் அக்கா. அவள் பாதியில் இறங்கினால் மிச்ச வாழ்நாளை அந்த மறுபாதியை நினைத்தே கழிப்பாள் என்பது தங்கைக்குத் தெரியும். பதினாறு நாளில் இந்தப் பெட்டியைக் காலி செய்ய வைக்க வேண்டும், வந்த வேலை அவ்வளவுதான் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் வியாதி பிடிபட்டது. கீழ்த்தளச் சாப்பாட்டு அறையில் ஜன்னலோர வட்ட மேசை பச்சைகளுடையது. எட்டு நாற்காலி, நான்கு ஜோடி. அத்தான் பாடியும் ஜோக் அடித்தும் அந்த மேசையைக் கலகலப்பாக வைத்திருந்தார். அவர் போன மூன்றாம் நாள் செக்கிங் அக்காவிடம், "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க, இது ஜோடியா உக்கார்ற டேபிள்" என்றாராம். அன்றிலிருந்து அக்கா மாடியில் தட்டேந்தி நின்று, தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போன் செய்யும்போது மட்டும் ராஜ உபசாரம் என்பாள்.

அதுகூடப் போகட்டும். பெரிய வலி நூலக அறையில் இருந்தது. அங்கே ஒரு நீள மேசையில் மூவாயிரம் துண்டு ஜிக்சா விரித்திருந்தார்கள், பொருத்திப் பொருத்திச் சேர்க்கிற உலக வரைபடம். கப்பல் கடந்த பகுதியை மட்டும்தான் அடுக்க வேண்டும் என்பது பச்சைகள் வகுத்த சட்டம். ஒவ்வொரு துறைமுகம் விட்டுக் கிளம்பியதும் சாயங்காலம் எல்லோரும் கூடி, அந்த ஊர் இருக்கிற துண்டைப் பொருத்திக் கைதட்டுவார்கள். மஞ்சள் அட்டைகள் கைகட்டி நின்று பார்க்கலாம், தொடக்கூடாது. அக்காவிடம் பச்சை அட்டை இருந்தும், "ஜோடி ஜோடியா ஒரு பகுதி பிரிச்சுக்கிட்டோம் டீச்சர், ஒத்தைப்படை ஆயிடும்" என்று ஒதுக்கிவிட்டார்கள்.

உலகப்படத்தைத் தொடாதே என்று ஜியாக்ரபி டீச்சரிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் கண்டக்டர் சிரித்தாள். கோபம் வந்தால் அவள் கத்துகிற ரகம் இல்லை. சிரிப்பாள். பஸ்ஸில் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் டிரைவரே வேகத்தைக் குறைப்பார்.

அன்று சாயங்காலம் அவள் மஞ்சள்களோடு மஞ்சளாகக் கைகட்டி நின்றாள். அவள் ஏறிய ஊர்த் துண்டு கிடைக்கவில்லை. இதற்கு முன்னும் சில ஊர்களுக்குக் கிடைக்கவில்லையாம், வரைபடத்தில் அங்கங்கே ஓட்டை தெரிந்தது. "கம்பெனிக்காரன் சரியா வெட்டல," என்றார் செக்கிங். டீ வந்தது. பச்சைகள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், நோட்டை மடித்து விரலிடுக்கில் செருகியே பழகிய கை, துண்டுகள் வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்து நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே செருகிக்கொண்டது. சுத்தமான கடல், கரையே இல்லை. திருட்டு என்று அவள் நினைக்கவில்லை, சில்லறை பாக்கி என்றுதான் நினைத்தாள்.

இரண்டு நாளுக்கு ஒன்று, மூன்று நாளுக்கு ஒன்று என்று அவள் எடுத்தது மொத்தம் ஐந்து. அதற்கே கடலில் இடைவெளி விழுந்து ஜன்னலோர மேசையில் புகைய ஆரம்பித்தது. கடல் பகுதிக்குப் பொறுப்பான ஜோடி, கரைப் பகுதி ஜோடியைச் சந்தேகப்பட்டது. செக்கிங்கின் மனைவி தன் கைப்பையைத் தானே கவிழ்த்துக் காட்டிவிட்டு அழுதாள். ஒரு ஜோடி சாப்பிடவே வேறு மேசைக்குப் போயிற்று. கண்டக்டர் இதையெல்லாம் மாடியில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அக்கா, "அடப்பாவமே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தாள். பெட்டி மட்டும் நாளுக்கு நாள் நிறைந்துகொண்டே வந்தது. கண்டக்டருக்குப் பயம் பிடித்தது. அவர்களுக்குள் சண்டை மூட்டி என்ன பிரயோஜனம், அக்கா இறங்கிவிட்டால்?

பதிமூன்றாம் நாள் செக்கிங் பொறுமை இழந்தார். எல்லாத் தட்டையும் கம்பளத்தில் கொட்டி எண்ண வைத்து, நூலகக் கதவில் அறிவிப்பு ஒட்டினார். 'உலகப்படத்தில் பதினாலு துண்டுகளைக் காணவில்லை. எடுத்தவர்கள் திருப்பித் தரவும். மஞ்சள் அட்டைகள் இனி அறைக்குள் வரக்கூடாது.'

கண்டக்டர் அறிவிப்பை இரண்டு தரம் படித்தாள். பதினாலா? அவள் எடுத்தது ஐந்துதானே. மிச்சம் ஒன்பது, எல்லாம் கைதட்ட முடியாமல் போன ஊர்த் துண்டுகள். கதவுக் கண்ணாடி வழியாக அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படத்தில் ஊர்ப் பெயர் எதுவும் அச்சடிக்கவில்லை. நகத்தளவு துண்டில் கரையின் ஒரு வளைவு, அவ்வளவுதான். மூவாயிரம் துண்டுக் குவியலில் அந்த வளைவைப் பார்த்து இது இன்ன ஊர் என்று முன்கூட்டியே பொறுக்கி எடுக்க இந்தக் கப்பலில் யாரால் முடியும்? தவிர, ஒன்பதும் அத்தான் கப்பலை விட்டுப் போன பிறகு வந்த ஊர்கள்.

அவள் அறைக்கு ஓடினாள். மத்தியான வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது, அக்கா புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒன்பதை எங்க வெச்சிருக்க?"

அக்காவின் கை நின்றது. முகம் மட்டும் மாறவில்லை. "எந்த ஒன்பது?"

"நான் அஞ்சு எடுத்தேன். செக்கிங் பதினாலுங்கறார். எனக்குக் கணக்கு வரும்."

அக்கா அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு ஒற்றைச் சாக்ஸை எடுத்துக் கட்டிலில் உதறினாள். மாவுக்கட்டுப் போட்ட காலோடு விமானம் ஏறிய அத்தான் விட்டுப்போன சாக்ஸ் அது. ஒன்பது துண்டும் உதிர்ந்தன.

"ரெண்டு மணிக்கு அவங்க தூங்கப் போயிடுவாங்க," என்றாள் அக்கா. "நான் புக்கு மாத்தப் போவேன்."

"நான் வந்தப்புறமுமா?"

"நாலு. புக்கோட உன் கண்ணு முன்னாடியே திரும்பி வந்தேன். நீ மத்தவங்க கையைப் பாத்துக்கிட்டு நின்ன."

கண்டக்டர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அவளை ஏமாற்றிய ஒரே பயணி சொந்த அக்கா. இருவருக்கும் சிரிப்பு ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும்வரை சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அக்கா அழுதாள். "தொடாதேன்னு சொல்லிட்டாங்கடி," என்றாள். "என்னைப் பாத்து." அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்லத் தேவையும் இல்லை.

"இதையெல்லாம் என்ன பண்றதா இருக்க?"

"இறங்குற அன்னிக்குக் கடல்ல போட்டுடுவேன்."

"போட்டா ஒரு வாரம் தேடுவாங்க, அப்புறம் வேற படம் வாங்கிடுவாங்க. சில்லறை கையில இருந்தாத்தான் கண்டக்டரைச் சுத்திக் கூட்டம் நிக்கும்." கண்டக்டர் தன் ஐந்தையும் பையிலிருந்து எடுத்து அந்தக் குவியலோடு சேர்த்தாள். "எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

அடுத்த இரண்டு நாளும் அக்கா அந்தப் பேச்சே எடுக்கவில்லை. கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் பெட்டியை மூடி, கதவோரம் நிற்கவைத்தாள். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தாள். தோற்றுப்போன மாதிரி இருந்தது.

காலையில் கண் விழித்தபோது அக்கா படுக்கையில் இல்லை, பெட்டி மட்டும் கதவோரம் இருந்தது. இறங்குகிறவர்களுக்கு ஒலிபெருக்கியில் இரண்டாம் அழைப்பு வந்துவிட்டது. கண்டக்டர் அக்காவின் பெட்டியை இழுக்கப் பார்த்தாள். அது லேசாக அவள் கையோடு வந்தது. திறந்து பார்த்தால், காலி. அலமாரியில் புடவைகள் வரிசையாகத் தொங்கின.

நூலக அறையில் கூட்டம் நெரித்தது. பச்சைகள், கதவைத் தாண்டி வந்த மஞ்சள்கள், நடுவில் செக்கிங்கின் நாற்காலியில் அக்கா. நகத்தளவு துண்டு ஒன்றைப் பொருத்தி விரலால் அழுத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"எங்க கிடைச்சுது டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

அக்கா மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தாள். "சார் உக்கார்ற நாற்காலிக்கு அடியிலதான் கிடந்தது," என்றாள், வகுப்பில் தலைநகரம் சொல்கிற அதே குரலில். "பாவம், அவருக்கே தெரிஞ்சிருக்காது."

பச்சை முகங்கள் எல்லாம் மெல்ல செக்கிங் பக்கம் திரும்பின. அவர் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். அவர் மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு சுத்தமான முகத்தோடு சொன்ன பொய்யைக் கண்டக்டர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"மிச்சத்தையும் தேடிப் பாக்கலாம்," என்றாள் அக்கா. "ஆனா ஒரு நாள்ல ஆகாது. நிறையக் கண்ணு வேணும், மஞ்சக் கார்டுக்காரங்களும் உக்காரட்டும். ஒரு ஊருக்கு ஒண்ணு கிடைச்சாக்கூட, கடைசித் துறைமுகத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"நீங்க சொன்னா சரி டீச்சர்," என்றார் கடல் பகுதிக்காரர். செக்கிங் தானே போய் இன்னொரு நாற்காலி தூக்கிவந்தார்.

கடைசி அழைப்பு வந்தது. கண்டக்டர் கூட்டத்தின் பின்னாலிருந்து, "அக்கா, நான் கிளம்பறேன்," என்றாள். கட்டிப் பிடித்துக் கொஞ்சம் அழலாம் என்று கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தாள்.

"ஆங், சரி சரி, நேரமாச்சு பாரு. போய்ட்டு போன் பண்ணு," என்றாள் அக்கா. தலை நிமிரவில்லை. அவள் விரல் ஒரு கரையோரமாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. "யாராவது அந்த லைட்டை இப்படித் திருப்புங்களேன்."

கண்டக்டர் பெட்டியை உருட்டிக்கொண்டு கரைக்குப் போட்ட பாலத்தில் இறங்கினாள். பதினாறு நாள் பக்கத்திலேயே கிடந்த தங்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லையே என்று பாதிப் பாலம் வரை வயிறு எரிந்தது. மீதிப் பாலத்தில், இதற்குத்தானே வந்தாய், இப்போது என்ன வேண்டும் உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கீழே நின்ற ஊழியர் மஞ்சள் அட்டையைத் திருப்பிக் கேட்டு, "கூட ஒருத்தங்க இறங்கறதா லிஸ்ட்ல இருக்கே?" என்றார்.

"அவங்க வரல," என்றாள் கண்டக்டர். "அவங்களுக்கு வேலை கிடக்கு."